வலி தணிக்கும் நுண்குழாய்

திருத்தங்கலிலும் சிவகாசியிலும் வளரும் சிறுவர்க்குத் திரியின் இயல்பை யாரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. திரியின் ஒரு முனையில் பற்றிய நெருப்பு, நொடிப்பொழுதில் மறுமுனைக்கு ஓடி வெடியை அடைகின்றது. இடையில் ஓரிடத்தில் திரி நனைந்திருப்பின், நெருப்பு அவ்விடத்திலேயே அவிந்துபோகும். நம் உடம்பில் வலி செல்லும் வழியும் ஏறத்தாழ இத்தகையதே.

காலில் முள் தைத்தால் அச்செய்தி நரம்புகளின் வழியே முதுகெலும்பினுள் இருக்கும் தண்டுவடத்தை அடைகின்றது. அங்கிருந்து மூளைக்கு ஏறுகின்றது. மூளை அறிந்த பின்னரே நாம் வலியை உணர்கின்றோம். வலி நமக்குப் பகையன்று. தீங்கு நேர்ந்ததை அறிவிக்கும் காவலாளி அது. ஆயின், முற்றிய புற்றுநோயால் வருந்துவோர்க்கு அக்காவலாளி இரவும் பகலும் ஓயாது கூக்குரலிடுகின்றான். அவன் குரலை அடக்குதல் மருத்துவரின் கடமையாகின்றது.

வலியோடு ஒத்த மற்றொரு துன்பமும் உண்டு. பனையிலிருந்து வீழ்ந்தோ, சாலை விபத்தில் சிக்கியோ ஒருவரது தண்டுவடம் சிதைவுறலாம். அதனால் கால்கள் செயலற்றுப் போகும். அத்துடன் துன்பம் முடிவதில்லை. தசைகள் அளவின்றி இறுகாதவாறு கடிவாளம் இட்டு நிறுத்துவது மூளை. அக்கடிவாளம் அறுந்துபோனமையால், தசைகள் தாமாகவே விறைத்து முறுக்கிக்கொள்கின்றன. இதனைத் தசை இசிவு என்பர். இசிவு மிகுந்தவர் உறங்கவும் இயலாது. சக்கர நாற்காலியில் நேராக அமரவும் இயலாது.

இவற்றிற்கு வாய்வழி உண்ணும் மருந்துகள் உள. அபினிலிருந்து பெறப்படும் மார்பின் வலியைத் தணிக்கும்; பேக்லோபென் இசிவைத் தளர்த்தும். ஆயினும் உண்ட மருந்து குருதியில் கலந்து உடம்பெங்கும் பரவுகின்றது. தண்டுவடத்தைச் சேர்வதோ மிகச் சிறிதளவே. கடலில் கரைத்த பெருங்காயம் போல் ஆகின்றது அது. பயன் கருதி அளவை மிகுத்தால் மயக்கமும் சோர்வும் வந்து சேரும்.

மருந்தை வேண்டிய இடத்திற்கே நேராக அனுப்பலாகாதா? இவ்வினாவே புதிய வழியைத் திறந்தது. தண்டுவடத்தையும் மூளையையும் சூழ்ந்து, ஏறத்தாழ 150 மில்லி லிட்டர் அளவுள்ள தெளிந்த நீர் நிற்கின்றது. 1898 ஆம் ஆண்டில், ஜெர்மனி நாட்டுக் கீல் நகரில், ஆகஸ்ட் பீர் என்னும் அறுவை மருத்துவர் அந்நீரில் உணர்வகற்றும் மருந்தைச் செலுத்தி, வலியின்றி அறுவை செய்து காட்டினார். 1979 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சிலர், அதே இடத்தில் மிகச் சிறிதளவு மார்பினைச் செலுத்திப் புற்றுநோயாளரின் வலியைத் தணித்தனர். 1984 ஆம் ஆண்டில் சிகாகோ நகர மருத்துவர் ரிச்சர்டு பென், தம் துணைவருடன் கூடி, பேக்லோபெனையும் இவ்வாறே செலுத்தி இசிவைத் தளர்த்தலாம் என வெளியிட்டார்.

இம்முறை எவ்வாறு இயங்குகின்றது? முதலில் ஊசி வழியே சிறிது மருந்தைச் செலுத்திப் பயன் விளைகின்றதா எனச் சோதிப்பர். விளையுமாயின், மெல்லிய நுண்குழாய் ஒன்றின் முனையைத் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் வைப்பர். குழாயின் மறுமுனை தோலுக்கு அடியிலேயே இடுப்பைச் சுற்றி வந்து, வயிற்றுத் தோலின் கீழ்ப் பொருத்தப்பட்ட சிறு பொறியுடன் இணையும். உள்ளங்கையில் அடங்கும் அப்பொறி, தன்னுள் உள்ள மருந்தை இரவும் பகலும் சிறிது சிறிதாகச் செலுத்திக்கொண்டே இருக்கும். மருந்து தீரும் முன், தோலின் மேலாக ஊசியிட்டு அதனை நிரப்புவர். வாய்வழி உண்ணும் அளவில் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த பேக்லோபெனே இதற்குப் போதும். திரியை முழுதும் நனைக்காது, நடுவில் ஒரு துளி நீர் இடுவது போன்றது இச்செயல்.

எனினும் நன்மை உள்ள இடத்தில் இடரும் உண்டு. குழாய் அடைபட்டாலோ, மருந்து திடீரென நின்றாலோ, கடுங்காய்ச்சலும் முன்னிலும் கொடிய இறுக்கமும் தோன்றி உயிருக்கே ஊறு நேரலாம். அளவு மிகுந்தால் மூச்சு ஒடுங்கும். நோய்க்கிருமி புகவும் கூடும். ஆதலின், தேர்ந்த மருத்துவரின் இடையறாக் கண்காணிப்பு இன்றியமையாதது. பொறியின் விலையோ பல இலட்சம் ரூபாய். எனவே, தேவையுடையோர் பலருக்கு இஃது இன்னும் எட்டாக் கனியாகவே உள்ளது. எளியோர்க்கும் இதனை எட்டச் செய்தல் அறிவியலுக்கும் அரசுக்கும் உரிய கடனாகும்.

பொறி ஒன்றே வாழ்வைத் தந்துவிடாது. பயிற்சியும் ஊக்கமும் வேண்டும். 1975 ஆம் ஆண்டில் தண்டுவடம் காயமுற்றுக் கைகால் செயலிழந்த இராமகிருஷ்ணன், 1981 ஆம் ஆண்டில் தென்காசி அருகே ஆயக்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தம்மைப் போன்றோர் ஆயிரக்கணக்கானவர்க்கு அது புதுவாழ்வு அளித்தது. 2020 ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

மாணவர்களே! வருமுன் காத்தலே அறிவுடைமை. உயரத்திலிருந்து வீழ்ந்தவரைக் கண்டால், பதற்றத்தால் கைகாலைப் பற்றித் தூக்காதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமல் இருக்கச் செய்து, 108 எண்ணை அழையுங்கள். உதவி வரும்வரை அருகிருந்து தேறுதல் கூறுங்கள். அவசரத்தில் தூக்கிய கை, பிழைத்திருக்க வேண்டிய தண்டுவடத்தைக் கெடுத்துவிடலாம். பொறுமையுடன் காத்த கை, ஒருவரது வாழ்நாள் முழுவதற்கும் உதவியதாகும்.