வெயிலும் பனியும் இதயத்தை வாட்டும்!

கத்திரி வெயில் வந்துவிட்டால் நம்மில் பலருக்கு வடாம் போடுவதும், ஊறுகாயை வெயிலில் வைப்பதும்தான் நினைவுக்கு வரும். எனக்கு என் மாமனாரின் மாத்திரை டப்பாதான் நினைவுக்கு வருகிறது. அவருக்கு ரத்த அழுத்தத்தோடு இதயப் பலவீனமும் உண்டு. "வெயிலுக்கும் ஹார்ட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்பார். டாக்டரிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

உடம்பின் சூடு வெளியேற வேண்டுமானால் தோலின் பக்கம் ரத்தம் அதிகமாக ஓட வேண்டும். அதற்காக இதயம் வேகமாகத் துடிக்கிறது. வியர்வையில் நீரும் உப்பும் போய்விடுவதால் ரத்தம் கெட்டிப்பட்டு, உறையும் வாய்ப்பும் கூடுகிறது. திடமான இதயம் சமாளித்துவிடும். ஏற்கெனவே தளர்ந்த இதயம் என்ன செய்யும், பாவம்!

2010 மே 21-ம் தேதி அகமதாபாத்தில் 46.8 டிகிரி செல்சியஸ் வெயில் அடித்தது. அந்த மே மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகப் பின்னால் கணக்கிட்டார்கள். அங்கே ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டு உச்சி மாடியில் இருந்தது. அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிய பிறகு, வெப்பத்தால் தீவிர சிகிச்சைக்குப் போன பச்சிளம் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்ததாம். 2013-ல் அந்நகரம் வெயில் காலத்துக்கென்றே ஒரு திட்டம் வகுத்து, முன்கூட்டியே மக்களை எச்சரிக்கத் தொடங்கியது. நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் பெரியவர்களையோ கைக்குழந்தையையோ படுக்க வைக்காதீர்கள்.

"அப்போ குளிர்காலம் தேவலையா?" என்கிறீர்களா? அதுவும் இல்லை. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். ஸ்வீடன் நாட்டில் 2 லட்சத்து 74 ஆயிரம் மாரடைப்பு நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். குளிர் கடுமையான நாட்களில்தான் மாரடைப்பு அதிகம் வந்திருக்கிறது. அந்த உறைபனி நமக்கு இல்லை, வாஸ்தவம்தான். ஆனாலும் இதய நோயுள்ளவர்கள் மார்கழி விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டாமே! வெந்நீர் விளாவிக் கொடுங்கள். வாக்கிங் போவது வெயில் வந்த பிறகு இருக்கட்டும்.

வெயில் காலத்தில் நாம் கவனிக்க வேண்டியவை:

தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். ஆனால் சில இதய நோயாளிகளுக்கு 'இவ்வளவு தண்ணீர்தான்' என்று டாக்டர் அளவு வைத்திருப்பார். அதை மீற வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நீர்மோரில் உப்பைக் குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இளநீர் தரும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

சிறுநீர் அதிகம் பிரிவதற்கான மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வெயிலில் உடம்பு சீக்கிரம் வற்றிவிடும். கோடை தொடங்கும்போதே டாக்டரிடம் காட்டி, அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். நாமாக நிறுத்துவது ஆபத்து.

பாங்க், கடை கண்ணி வேலைகளைக் காலை பத்து மணிக்குள் முடிக்கச் சொல்லுங்கள். அனல் காற்று வீசும்போது ஃபேன் மட்டும் போதாது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டுக் காற்றாட உட்கார வையுங்கள்.

பேச்சுக் குழறி, உடம்பு நெருப்பாய்ச் சுட்டால், உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே 108-க்குப் போன் செய்யுங்கள். நெஞ்சு இறுக்கம், தாடையிலோ கையிலோ வலி, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை வந்தால் "வாயுவா இருக்கும்" என்று ஓமத் தண்ணீர் கொடுத்து நேரத்தைப் போக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிதான்.

கடைசியாக, சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் அசதியாக, குமட்டலாக, முதுகுவலியாக வரும். வேகாத வெயிலில் அடுப்படியில் நிற்கும்போது அப்படி வந்தால், "சமையலை முடிச்சுட்டுப் பார்த்துக்கலாம்" என்று இருக்காதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு, உடனே வீட்டாரைக் கூப்பிடுங்கள். சாப்பாடு கொஞ்சம் தாமதமானால் ஒன்றும் குடி முழுகிப் போகாது!