கையெழுத்துப் பிரதிக்கு ஒரு முகவர்

மைசூரில் வாழ்ந்த இளைஞர் ஒருவர் தம் முதல் நாவலை லண்டன் பதிப்பகங்களுக்கு அஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தார். அனுப்பிய இடங்களிலிருந்தெல்லாம் பிரதி திரும்பி வந்தது. கடைசியில் அது ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றுகொண்டிருந்த நண்பரின் கையில் இருந்தது. இனி முயல வேண்டாம், கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று அவருக்கு எழுதினார் அந்த இளைஞர். நண்பர் அவ்வாறு செய்யாமல், அதே ஊரில் குடியிருந்த எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் பிரதியைக் கொடுத்தார். கிரீனின் பரிந்துரையால் 1935-இல் ஹாமிஷ் ஹாமில்டன் பதிப்பகம் அதை வெளியிட்டது. ஆர்.கே. நாராயணின் ‘சுவாமியும் நண்பர்களும்’ நூலாகிய கதை இது.

இக்கதையைப் பலரும் அறிவர். அதிகம் பேசப்படாத ஒரு பகுதியும் இதில் உண்டு. பதிப்பாளரைப் பிடித்துத் தந்ததோடு கிரீன் நிற்கவில்லை. டேவிட் ஹையம் என்ற இலக்கிய முகவரிடமும் நாராயணைச் சேர்த்துவைத்தார். முதல் நாவல் சரியாக விற்கவில்லை. இரண்டாம் நாவலை 1937-இல் நெல்சன் வெளியிட்டது. மூன்றாவதை 1938-இல் மேக்மில்லன். 1945-இல் வந்த நான்காவதை வேறொரு நிறுவனம். விற்காத எழுத்தாளரைப் பதிப்பகங்கள் கைவிட்டன. ஒவ்வொரு முறையும் அடுத்த கதவைத் தட்ட லண்டனில் ஆள் இருந்ததால், நாராயண் மைசூரிலேயே அமர்ந்து எழுத முடிந்தது.

இலக்கிய முகவர் என்ற தொழில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ.பி. வாட் என்பவரால் லண்டனில் தொடங்கப்பெற்றது. எழுத்தாளருக்குக் கிடைப்பதில் நூற்றுக்குப் பத்து என்பது அவர் வைத்த தரகு. பம்பாயில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங் அவருடைய வாடிக்கையாளர்களுள் ஒருவர். இன்று உள்நாட்டு உரிமைகளுக்குப் பெரும்பாலும் 15 விழுக்காடும், வெளிநாட்டு உரிமைகளுக்கு 20 விழுக்காடும் பெறுகிறார்கள். விகிதம் உயர்ந்தாலும் கொள்கை மாறவில்லை: எழுத்தாளருக்குப் பணம் வந்தால்தான் முகவருக்கும் வரும்.

தமிழில் எழுதுவோருக்கு இந்த ஏற்பாடு சற்று அந்நியமாகத் தோன்றலாம். இங்கே எழுத்தாளர் நேரே பதிப்பாளரிடம் போகிறார். புத்தகக் காட்சி அரங்கிலேயே நாவலைப் பற்றிப் பேசி முடித்தவர்களும் உண்டு. பிறமொழி உரிமைகளைக் காலச்சுவடு போன்ற பதிப்பகங்களே முன்னின்று விற்றுத் தருகின்றன. ஆங்கிலத்தில் எழுதுவோரின் நிலைமை வேறு. பெரிய பன்னாட்டுப் பதிப்பகங்கள் பலவும் முகவர் வழியாக வரும் பிரதிகளையே முதலில் படிக்கின்றன. டெல்லியில் ரெட் இங்க், ரைட்டர்ஸ் சைடு, ஜெய்ப்பூரில் சியாஹி, பெங்களூரில் தொடங்கப்பெற்ற ஜகராண்டா என்று நம் நாட்டிலும் முகமை நிறுவனங்கள் உள்ளன. எழுதுவோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இவை மிகக் குறைவு. ஆகவே முகவரைத் தேடுவதே பதிப்பாளரைத் தேடுவதைப் போன்ற நெடும் பயணமாகிவிட்டது.

அருந்ததி ராயின் முதல் நாவல், அப்போது ஹார்ப்பர்காலின்ஸில் பணியாற்றிய பங்கஜ் மிஸ்ராவின் கைக்கு வந்து, அவர் மூலம் லண்டன் முகவர் டேவிட் காட்வினை அடைந்தது. படித்த காட்வின் விமானமேறி டெல்லிக்கே வந்துவிட்டார். 1997-இல் அந்நாவல் புக்கர் பரிசு பெற்றது. எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த விமானத்தைத்தான் கனவு காண்கிறார்கள். எனக்கென்னவோ, நம் வாசகர்களுக்கு அமீஷ் திரிபாதியின் அனுபவமே நெருக்கமானது என்று தோன்றுகிறது. அவர் நிதித்துறையில் பணியாற்றியவர். அலுவலக வேலைக்கு நடுவே சிவபெருமானை நாயகனாக்கி நாவல் எழுதினார். ஏறத்தாழ 20 பதிப்பகங்கள் வேண்டாம் என்றன. அவருடைய முகவர் அனுஜ் பஹ்ரி, புத்தகக் கடைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். விற்க முடியாத பிரதியை 2010-இல் தாமே அச்சிட்டார். முதல் அத்தியாயம் மட்டும் தனியாக அச்சிடப்பட்டுக் கடைகளில் இலவசமாக வழங்கப்பட்டது. நாவல் விற்ற விற்பனை ஊரறிந்தது. மூன்றே ஆண்டுகளில், இன்னும் எழுதாத அடுத்த நூல்வரிசைக்கு 5 கோடி ரூபாய் முன்பணம் பேசப்பட்டதாகச் செய்தி வந்தது.

கோடிகள் நூற்றில் ஒருவருக்கும் வாய்ப்பதில்லை. சாதாரண நாவலின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முன்பணம் 1,00,000 ரூபாய் என்று கொள்வோம். பதிப்பகம் அதை முகவருக்கு அனுப்பும். அவர் 15,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு 85,000 ரூபாயை எழுத்தாளருக்குத் தருவார். முன்பணம் பரிசுத்தொகை அன்று, பின்னால் வரும் உரிமைத்தொகையில் ஈடுகட்டப்பட வேண்டியது. நூலின் விலை 400 ரூபாய், உரிமைத்தொகை 7.5 விழுக்காடு எனில் ஒரு படிக்கு 30 ரூபாய். 3,334 படிகள் விற்ற பிறகே அடுத்த ரூபாய் கண்ணில் படும். அதுவரை வரும் கணக்கறிக்கைகள் ‘செலுத்த வேண்டியது: இல்லை’ என்றே சொல்லும். அதைக் கண்டு முகவரை ஐயுறுவது முறையன்று. அறிக்கையே வராவிட்டால் ஐயுறலாம்.

இன்னொரு வகையினரைப் பற்றித்தான் வங்கி ஊழியன் என்ற முறையில் எனக்குக் கவலை. பிரதியைப் படிக்கக் கட்டணம், பதிவுக் கட்டணம், வெளிநாட்டுக் கண்காட்சியில் வைக்கக் கட்டணம் என்று முதலிலேயே பணம் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். ‘உங்கள் நாவலைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்’ என்ற பாராட்டு மின்னஞ்சலோடு தொடங்கும். மூன்றாவது மின்னஞ்சலில் கணக்கு எண் வரும். பல ஆண்டுகள் எழுதியவரின் மனம் அந்தப் பாராட்டுக்கு எவ்வளவு ஏங்கியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பிழைதிருத்தலும் செம்மையாக்கமும் கட்டணத்துக்குரிய நேர்மையான பணிகளே. ஆனால் அவற்றைச் செய்பவர் முகவர் என்று தம்மை அழைத்துக்கொண்டு, தம்மிடம் பணம் கட்டினால்தான் பிரதி பதிப்பகத்துக்குப் போகும் என்றால், விலகிவிடுங்கள். முகவராகக் கருதும் ஒருவரிடம் அவர் விற்றுத்தந்த நூல்கள் எவை என்று கேட்கலாம். அந்த நூல்களின் நன்றியுரைப் பக்கத்தில் அவர் பெயர் பெரும்பாலும் இருக்கும். புத்தகக் கடையில் நின்றபடியே சரிபார்க்கலாம்.

அனுப்பும் முறையில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. நாவலை முழுமையாக முடித்த பிறகே அனுப்ப வேண்டும். ஒரு பக்கக் கடிதம், முடிவையும் சொல்லிவிடும் கதைச்சுருக்கம், முதல் சில அத்தியாயங்கள்: பெரும்பாலோர் கேட்பவை இவைதாம். பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

ஒப்பந்தம் வந்ததும் மகிழ்ச்சியில் கையொப்பமிடுவதற்கு முன், எந்த உரிமை, எந்த நாடுகளுக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, காலம் குறிக்கப்படாவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கே செல்லும். எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. ஆனால் ‘உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதுவே நிற்கும். அந்தக் காலமோ எழுத்தாளரின் ஆயுளோடு முடிவதில்லை. அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் நீள்கிறது. திரைப்பட உரிமையும் மொழிபெயர்ப்பு உரிமையும் அந்த ஒற்றை வரிக்குள் போய்விடாமல் தடுப்பதற்குத்தான் நல்ல முகவர் தம் 15 விழுக்காட்டைப் பெறுகிறார்.

உரிமைத்தொகை வருமான வரிக்கு உட்பட்டது. இலக்கிய நூலாசிரியர்களுக்கு 1961-ஆம் ஆண்டின் சட்டம் ஆண்டுக்கு 3,00,000 ரூபாய் வரை கழிவு அளித்தது. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வரும் தொகையாயின், நிதியாண்டு முடிந்து 6 மாதங்களுக்குள் அந்நியச் செலாவணியாக இந்தியாவுக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. கணக்குத் தாக்கல் செய்யும் ஆண்டில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்பதைத் தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லண்டன் முகவரிடமிருந்து பணம் வந்து சேர்ந்ததும், வரவுக்கான சான்றிதழை உங்கள் கிளையில் அப்போதே எழுதிக் கேட்டுப் பெற்று, ஒப்பந்தத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.