முகவீணைக்காரர் கூடும் இரவு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

கூத்துக்குப் போய் வந்தவனிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால், துரியோதனன் வேடம் நன்றாயிருந்தது என்பான்; கட்டியக்காரன் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தான் என்பான். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து இரவு முழுவதும் ஊதியவர் யார், மத்தளம் அடித்தவர் யார் என்று கேட்டால் விழிப்பான். வேடக்காரருக்காவது இரண்டு காட்சிகளுக்கு இடையே கண்ணயர நேரம் கிடைக்கும். வாத்தியக்காரருக்கு அதுவும் இல்லை. களரி கட்ட உட்கார்ந்தவர் விடியும்வரை எழுந்திருக்க முடியாது. அவர்களைப் பற்றியும், அவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை ஓரிடத்தில் கூடுவது ஏன் அவசியம் என்பது பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆரணி, செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் ஆகிய ஊர்களைச் சுற்றிய கிராமங்கள் கூத்துக்குப் பேர்போனவை. தெருக்கூத்து என்பார் சிலர். கட்டைக்கூத்து என்பதே சரி என்பார் வேறு சிலர். கட்டை என்பது நடிகர் அணியும் புஜக்கட்டை முதலிய மர அணிகலன்களைக் குறிக்கும். தெருவில் ஆடுவதால் அது தெருக்கூத்து என்றால், சபாவில் ஆடுவதைச் சபாக்கூத்து என்போமா என்று இவர்கள் கேட்கிறார்கள். பெயர்ச் சண்டையில் நான் இறங்கவில்லை. எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் பெஞ்சில் இருப்பவை ஒன்றே: முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம். கூடவே பின்பாட்டுக்காரர் குரல்.

இவற்றுள் முகவீணையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெயரில் வீணை இருந்தாலும் இது நரம்புக் கருவியன்று, காற்றுக் கருவி. நாகசுரத்தின் தம்பி எனலாம். நீளத்தில் அதன் பாதிக்கும் குறைவு. வாயில் வைக்கும் சீவாளி இரட்டை நாக்கு உடையது. உடல் மேலே குறுகிக் கீழே விரிந்த கூம்பு வடிவம். நாம் செய்முறை வகுப்பில் ஒத்திசைவுக் குழாயை வைத்துப் பார்த்த விதி இங்கும் செல்லும். காற்றுத் தம்பத்தின் நீளம் பாதியானால் அதிர்வெண் இருமடங்காகும். அதாவது ஒலி ஒரு ஸ்தாயி மேலே போகும். ஆகவே முகவீணையின் குரல் நாகசுரத்தினும் மிக உயரத்தில் ஒலிக்கிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், திறந்த வெளியில், மத்தளச் சத்தத்தையும் கூட்டத்தின் இரைச்சலையும் கிழித்துக்கொண்டு கடைசி வரிசைவரை போக வேண்டுமானால் இந்த உயரம் வேண்டும். நம் செவி மிகக் கூர்மையாகக் கேட்பது வினாடிக்கு 2000 முதல் 5000 வரையிலான அதிர்வுகளையே. கூத்தில் பாடும் ஆண்கள் அடிவயிற்றிலிருந்து எடுத்து உச்சக் குரலில் பாடுவதற்கும் இதே காரணம்தான். கேலி செய்வோர் இதனைக் கத்தல் என்கின்றனர். கணக்குப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

முகவீணைக்குப் பக்கத்தில் ஆர்மோனியம் இருப்பது ஒரு விசித்திரமான கூட்டு. ஆர்மோனியம் ஐரோப்பியர் வழி வந்தது. அதன் சுரங்கள் பித்தளை நாக்குகளில் நிலையாகக் கட்டுண்டவை, கமகத்துக்கு வளையாது. இதன் காரணமாகவே அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை ஒதுக்கி வைத்திருந்தது. கூத்துக்காரர்கள் அந்தத் தடையைக் கேள்விப்பட்டார்களோ இல்லையோ, விடாமல் வாசித்து வந்தனர். வளையாத ஆர்மோனியம் சுருதியைப் பிடித்துக்கொள்கிறது. வளையும் முகவீணை பாட்டின் நெளிவு சுளிவுகளைப் பின்தொடர்கிறது.

ஆனால் இரவு ஏற ஏற இவ்விரண்டுக்கும் பிணக்கு ஏற்படும். காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலை ஒரு பாகை குறைந்தால் வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறையும். கூத்துத் தொடங்கும்போது 30 பாகையும் விடியற்காலையில் 22 பாகையும் இருப்பதாகக் கொள்வோம். வேகம் ஏறக்குறைய 349 மீட்டரிலிருந்து 344 ஆகக் குறைகிறது. குழாயின் சுருதியும் அதே விகிதத்தில், அதாவது சுமார் 1.4 விழுக்காடு இறங்க வேண்டும். ஆர்மோனியத்தின் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு சுமார் 6 விழுக்காடு. ஆக, ஒரு கட்டையில் கால் பங்கு பிசகு. ஊதுபவரின் மூச்சுச் சூடு இதை ஓரளவு ஈடு செய்யும். பித்தளை நாக்கோ குளிருக்கு இப்படி இறங்காது. அப்போது முகவீணைக்காரர் என்ன செய்கிறார்? சீவாளியைச் சற்று உள்ளே தள்ளுகிறார், அல்லது உதட்டை இறுக்குகிறார், அல்லது கழுத்தில் தொங்கும் சீவாளிகளில் வேறொன்றை எடுக்கிறார். இதில் எதை எப்போது செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

எழுதியிராத ஒன்றை எப்படிக் கற்பது? பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான். ஆரணியில் பட்டு நெய்பவருக்கு இது எளிது. ஒரே தெருவில் வரிசையாகத் தறிகள். பாவு அறுந்தால் அடுத்த வீட்டுக்காரர் எப்படிப் புணைக்கிறார் என்று எட்டிப் பார்க்கலாம். எதிர்வீட்டுத் தறியின் சத்தத்தைக் கேட்டே அங்கு வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள் எங்கள் தெருப் பெரியவர்கள். கூத்து வாத்தியக்காரருக்கு அந்த வசதி இல்லை. பங்குனி பிறந்ததும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கிவிடும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் படுகளம், தீமிதி. ஆடி வரை ஓய்வு இல்லை. ஒரு குழு ஓர் ஊரில் அர்ச்சுனன் தபசு ஆடும் அதே இரவில் மற்றொரு குழு வேறோர் ஊரில் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு குழுவுக்கு ஒரு முகவீணைக்காரரே. நல்ல வாசிப்பு எங்கெல்லாம் நடக்கிறதோ, அங்கெல்லாம் போய்க் கேட்கமுடியாதவர் இன்னொரு முகவீணைக்காரர் என்றாகிறது!

ஆகவேதான் பருவத்துக்கு வெளியே நடைபெறும் ஆண்டு விழாக்களுக்குத் தனி மதிப்பு. நம் பகுதியில் அத்தகைய இடம் செய்யாற்றுக்கு அருகிலுள்ள புரிசை. தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடிவரும் தம்பிரான் குடும்பத்தின் ஊர் அது. நடேச தம்பிரானின் கூத்தைப் பார்த்து எழுத்தாளர் ந. முத்துசாமி வியந்து எழுதியதும், அவர் 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கியதும் நாடகம் அறிந்தோர் அறிந்தவை. கண்ணப்பத் தம்பிரான் 2003இல் மறைந்த பிறகு அவர் நினைவாக ஆண்டுதோறும் அவ்வூரில் விழா எடுத்து வருகின்றனர். கூத்துடன் நவீன நாடகங்களும் மேடையேறுகின்றன. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல் மற்றோர் இடம். பெ. இராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னா டி ப்ரூயினும் கலைஞர்களுடன் சேர்ந்து 1990இல் ஏற்படுத்திய கட்டைக்கூத்துச் சங்கத்தின் இருப்பிடம் அது. பல குழுக்களை ஒரே களத்தில் ஆடவைத்த பெருமை அச்சங்கத்துக்கு உண்டு.

புரிசை விழாவுக்குச் சென்றிருந்தபோது, களத்தைவிடக் களத்துக்குப் பின்புறமே எனக்குச் சுவையாக இருந்தது. மற்றொரு குழு ஆடிக்கொண்டிருக்க, தன் முறை முடிந்த முதியவர் ஒருவர் பெஞ்சுக்கு அருகில் தரையில் அமர்ந்து, கண்ணை மூடி முகவீணையையே கேட்டுக்கொண்டிருந்தார். தேநீர் குடிக்க எழுந்தபோது பேச்சுக் கொடுத்தேன். “நீங்கள் நாற்பது வருஷமாக ஊதுகிறீர்களே ஐயா, உங்களுக்குத் தெரியாததா இதில் இருக்கிறது?” என்றேன். அவர் சொன்னார்: “நான் ஊதறத நானே கேட்டுகினு இருந்தா எப்படித் தம்பி தெரியும்? இன்னொருத்தன் ஊதறதக் கேட்டாத்தான் என்னுது எங்க கோணல்னு தெரியும்.” பிறகு சிறியவர் ஒருவரைக் கூப்பிட்டு, சீவாளியை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரை மணி நேரம் இருவரும் அந்த ஒன்றைப் பற்றியே பேசினார்கள். நான் அங்கிருப்பதையே மறந்துவிட்டார்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய தேவையன்று. ருசிய நாட்டுக் கிராமங்களில் பாலலைக்கா என்றொரு முக்கோண வடிவக் கருவி உண்டு, நரம்புகள் மூன்று. குடியானவரின் வாத்தியம் என்று நகரத்தார் ஒதுக்கியிருந்த அதனை வசீலி அந்திரேயெவ் என்பவர் எடுத்துச் சீர்திருத்தினார். சிறியது முதல் ஆளுயரம் உள்ளதுவரை பல அளவுகளில் செய்வித்து, ஒரு குழுவாகச் சேர்த்து, 1888ஆம் ஆண்டு பீட்டர்ஸ்பர்க் நகரில் அரங்கேற்றினார். பின்னர் தோம்ரா முதலிய கருவிகளும் சேர்ந்து பெரிய வாத்தியக் குழுக்கள் தோன்றின. கடல் கடந்து அமெரிக்கா வரை இவ்விசை பரவியது. அங்கே 1978இல் பாலலைக்கா, தோம்ரா வாசிப்போருக்கென ஒரு சங்கம் அமைந்து, ஆண்டு மாநாடு நடத்தி வருகிறது. வெவ்வேறு நகரங்களில் தனித்தனியே வாசிப்பவர்கள் ஒன்றுகூடி, மூத்தவரிடம் பாடம் கேட்டு, சேர்ந்து பயிற்சி செய்து, முடிவில் கச்சேரி வைக்கின்றனர். அவர்களுள் ருசியர் அல்லாதாரும் பலர். அதே 1978இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் நம்மவர்கள் தியாகராசர் ஆராதனையைத் தொடங்கினர் என்பது ஒரு சுவையான ஒற்றுமை.

ருசிய உதாரணத்தில் ஓர் எச்சரிக்கையும் உள்ளது. கிராமத்துப் பாலலைக்காவில் மெட்டுகள் நரம்பால் கட்டப்பட்டவை. வாசிப்பவர் விருப்பப்படி நகர்த்தலாம். எல்லாரும் சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால் எல்லாக் கருவியும் ஒன்றுபோல் இருந்தாக வேண்டும் அல்லவா? ஆகவே அந்திரேயெவ் அம்மெட்டுகளை நிலையாகப் பதித்தார். கூட்டிசை கிடைத்தது, ஊருக்கு ஊர் இருந்த வேறுபாடு போயிற்று. திருவையாற்றில் பஞ்சரத்தினம் பாடுகையில் நூற்றுக்கணக்கானவர் ஒரே குரலாக ஒலிப்பது சிறப்பே. அங்கே பாட்டு ஒன்று. கூத்தில் அப்படி இல்லை. வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்று இரண்டு பெரும் பிரிவுகள்; அவற்றுள்ளும் குழுவுக்குக் குழு மெட்டு வேறு, அடவு வேறு. நம் கலைஞர்கள் ஒன்றுகூட வேண்டியது ஒரே மாதிரி வாசிக்க அல்ல. ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்க. அந்த வகையில், முழு இரவும் ஒரு குழுவுக்கு விட்டுக்கொடுத்து மற்றவர் உட்கார்ந்து கேட்கும் நம் ஊர் முறையே மேல் என்பது என் கருத்து.

2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் போன்ற நகர விழாக்கள் கிராமியக் கலைகளுக்குப் பெயரும் ஊதியமும் தந்தன. அதை மறுக்க இயலாது. ஆனால் பூங்காவில் சிறிது நேரம் ஆடி இறங்கினால் அடுத்த குழு ஏறிவிடும். எட்டு மணி நேரக் கூத்தில் எது சுருக்கப்படும்? வேடத்தைச் சுருக்க முடியாது. முதலில் போவது களரி கட்டும் வாத்தியமே.

இனிப் பயில்வோர் யார் என்ற கேள்வி இருக்கிறது. புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை கட்டைக்கூத்துக் குருகுலம் நடந்தது. பள்ளிப் படிப்போடு கூத்தையும் சேர்த்துக் கற்பித்தனர். ஆண்களே ஆடி வந்த கலையில் பெண் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். அது மூடப்பட்டபின், வாத்தியம் பயில விரும்பும் சிறுவன் ஏதேனும் ஒரு குழுவின் பெஞ்சு ஓரத்தில்தான் இடம் தேட வேண்டும். தாளம் தட்டத் தொடங்கி, மத்தளத்துக்கு நகர்ந்து, மூச்சு நின்றால் முகவீணைக்குப் போவான். அவன் போவதற்குள் முகவீணை அங்கே இருக்க வேண்டும். ஆர்மோனியத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆடும் குழுக்கள் இப்போதே உண்டு. மின்சாரக் கீபோர்டு வாங்கிவிட்டவர்களும் உண்டு. கீபோர்டுக்குச் சீவாளி வேண்டாம், குளிரும் உறைக்காது. ஆனால் பாட்டுக்காரர் சுரத்தை விட்டுச் சறுக்கும் இடத்தில் அது கூடவே சறுக்காது.

அடுத்த புரிசை விழாவுக்குச் செல்லும் நண்பர்கள் முன்வரிசையில் இடம் பிடிக்கப் போட்டியிட வேண்டாம். பெஞ்சு போட்டிருக்கும் பக்கமாக உட்காருங்கள். போர்வை ஒன்று எடுத்துச் செல்வது நல்லது. பனி இறங்கும் மூன்று மணிக்கு மேல் முகவீணைக்காரரின் விரல் கெண்டையிடம் போகும். சீவாளியை ஒரு நெல்லளவு உள்ளே தள்ளுவார். தள்ளியதும் ஆர்மோனியக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்துத் தலையசைப்பார்.