சித்திரப் பயிற்சியும் உழைப்பும்

சித்திரத்திறன் பிறவிக்கொடை என்னுங் கருத்து நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. அடிப்படைப் பயிற்சியை நுணுகி நோக்குமிடத்து அக்கருத்தின் பொருந்தாமை புலனாகும்.

முதற்படி கோடு. இரு புள்ளிகளை இட்டு, மணிக்கட்டையன்றித் தோளை அசைத்து, ஒரே வீச்சில் அவற்றை இணைத்தல் வேண்டும். அடுத்தது நீள்வளையம். சாய்வாக நோக்கப்படும் வட்டமே நீள்வளையமாய்த் தோன்றுகின்றது. நிமிர்ந்து நிற்கும் குவளையின் வாய், கண்மட்டத்தை அணுக அணுக ஒடுங்கி, கண்மட்டத்தில் வெறுங் கோடாகின்றது. மூன்றாவது பெட்டி. நம்மைவிட்டு விலகிச் செல்லும் சமாந்தரக் கிடைவிளிம்புகள் நீட்டப்படின் கண்மட்டக் கோட்டில் ஒரு புள்ளியிற் சந்திக்கும்.

இவ்விதிகள் வானத்தினின்று இறங்கியவையல்ல. 15ஆம் நூற்றாண்டில், வணிக வர்க்கம் மேலோங்கிய புளோரன்ஸ் நகரில் புறுனெலெஸ்கி செய்துகாட்டிய தூரநோக்கை, அல்பேர்ட்டி 1435இல் நூலில் வகுத்துரைத்தார். பீப்பாயின் கொள்ளளவை மதிப்பிடக் கற்ற வணிகனின் கணிதம் ஓவியனின் கணிதமுமாயிற்று. பின்னர், ஆலை முதலாளிகளின் கோரிக்கையை அடுத்து, 1870இல் மசசூசெற்ஸ் மாநிலம் சட்டமொன்றை இயற்றியது. 10,000க்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட நகரங்கள், 15 வயதைக் கடந்தோருக்குக் கைத்தொழிற் சித்திரத்தை இலவசமாகக் கற்பிக்க வேண்டுமென அது விதித்தது.

ஈண்டு ஒரு முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது. கலைக்கூடத்தில் மேதைமையைப் போற்றிய அதே சமுதாயம், ஆலைக்குத் தேவைப்பட்டபோது சித்திரம் எவருக்கும் கற்பிக்கத்தக்கதென ஏற்றுக்கொண்டது. ஆதலின், "உனக்குக் கை வராது" என ஒரு மாணவனை ஒதுக்குவது அவனது ஆற்றலைப் பற்றிய தீர்ப்பன்று. அவனுக்கு மறுக்கப்பட்ட பயிற்சியின் சாட்சியமே எனலாம். பயிற்சி மட்டுமே கலையாகிவிடாது என்பதும் உண்மையே. எதனை, யாருக்காக வரைவது என்னும் வினாவிற்குச் சமுதாய உணர்வே விடையளிக்கும். ஆயினும் அவ்வினாவை எழுப்புவதற்குரிய கருவி யாவர் கையிலும் இருத்தல் வேண்டுமென்பதே நமது துணிபு.