உள்ளூராட்சியும் இணையமும்

மன்றம் எடுத்த முடிவை மக்கள் உரிய காலத்தில் அறிதல் நல்லாட்சியின் முதற்கூறு ஆகும். முற்காலத்தில் ஊர்ச்செய்தி பறையறைந்து அறிவிக்கப்பட்டது. பின்னர்க் கந்தோரின் அறிவித்தற் பலகை அப்பணியை ஏற்றது. இன்று இணையத்தளமும் சமூக ஊடகமும் அவற்றுடன் சேர்ந்துள்ளன. இவ்விரண்டும் ஒன்றல்ல, ஒன்று ஏடு, மற்றையது பறை. இவ்வேறுபாட்டை உணர்ந்து கையாளும் சபையே அவற்றால் முழுப்பயன் பெறும்.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் அமைந்தது குருக்கள்மடம். இது மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச சபையின் எல்லைக்குட்பட்ட ஊர். வாவிக்கு அப்பால், படுவான்கரையில், அம்பிளாந்துறை உள்ளது. அது மண்முனை தென்மேற்குப் பிரதேச சபையைச் சார்ந்தது. இவ்விரு கரைகளையும் மக்கள் 'பாதை' என வழங்கும் மிதவை இணைக்கின்றது. அக்கரைப் பள்ளிகளுக்குச் செல்லும் ஆசிரியரும், களுவாஞ்சிக்குடி வைத்தியசாலைக்கு வரும் நோயாளரும் இத்தகைய பயணத்தை நம்பியிருப்போர் ஆவர். பாதை ஓடாத நாளில் வடக்கே 2014இல் திறக்கப்பெற்ற மண்முனைப் பாலத்தையோ, தெற்கே பட்டிருப்புப் பாலத்தையோ நாடிச் சுற்றிச் செல்லல் வேண்டும். "இன்று பாதை ஓடாது" என்னும் செய்தி விடியுமுன் கிடைப்பின் வீட்டிலிருந்தே வழியை மாற்றலாம். துறையில் வந்து நின்றபின் கிடைப்பின் அன்றைய பொழுது வீணாகும். இவ்வாறான செய்திக்கு முகநூலும் வாட்ஸ்அப்பும் ஏற்ற கருவிகள் என்பதில் ஐயமில்லை.

எனினும், பறையோசை நிலைத்து நிற்பதில்லை. சமூக ஊடகத்தில் நேற்றைய செய்தி இன்றைய செய்திகளின் அடியில் மறைந்துவிடும். கைமாறிச் செல்கையில் தேதி உதிர்ந்துபோக, சென்ற ஆண்டின் அறிவித்தல் இவ்வாண்டினது போல் மீண்டும் உலாவும். ஆதலின் ஒவ்வோர் அறிவித்தலிலும் நாள், நேரம், பொறுப்பான அலுவலரின் பதவி, இணையத்தளத்தில் உள்ள மூலச்செய்தியின் இணைப்பு ஆகிய நான்கும் இருத்தல் வேண்டும். பாதீடு, கூட்டத் தீர்மானங்கள், ஆதனவரி விபரம், விலைமனு அழைப்பு, விண்ணப்பப் படிவங்கள் என்பன இணையத்தளத்தில் நிலையாக இடம்பெற வேண்டியவை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்செயல்களின்போதும், 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களின் பின்னரும் முகநூல் முதலிய ஊடகங்கள் நாடெங்கும் தற்காலிகமாக முடக்கப்பட்டமை நினைவுகூரத்தக்கது. முகநூலை மட்டும் நம்பிய அலுவலகம் அத்தகைய நாளில் வாயிழந்து நிற்கும்.

இது விருப்பத்திற்கு விடப்பட்ட தொண்டும் அன்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வழிகள் ஆகியவற்றைச் சபைகளிடம் ஒப்படைத்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தகவல் கோரும் குடிமகனுக்கு அதனை வழங்குவதா இல்லையா என்னும் முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுள் அறிவித்தல் வேண்டும். கேட்கப்படும் முன்னரே தளத்தில் வெளியிடப்பட்ட தகவல் இரு சாராரின் காலத்தையும் மிச்சப்படுத்தும்.

அடுத்து எண்ணத்தக்கது எழுத்து. தமிழ் அறிவித்தலைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சிட்டு, அத்தாளைப் படம்பிடித்துப் பதிவேற்றுவது பல அலுவலகங்களின் வழக்கம். அப்படத்தில் உள்ள சொற்களைத் தேடுபொறி எளிதிற் கண்டுபிடியாது. கண்பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் தடுமாறும். யூனிகோட் எனப்படும் ஒருங்குறியில் தட்டச்சிட்ட நான்கு வரி, அழகிய படத்தினும் பயன் மிக்கது.

உரிமை பற்றிய வினா இவற்றினும் முதன்மையானது. 2018இல் தெரிவான சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் நாளே நடைபெற்றது. இடைக்காலத்திற் பிரதேச சபைகளின் நிருவாகம் செயலாளர் கையில் இருந்தது. இவ்வாறு பொறுப்பாளர் மாறும்போது, கடவுச்சொல் ஒரு தனியாளிடம் மட்டும் இருப்பின் பக்கமும் அவருடனே போய்விடும். ஆதலின் கணக்கு சபையின் பெயரிலும் சபையின் மின்னஞ்சலிலும் அமைதல் வேண்டும். குறைந்தது இரு அலுவலர் அதனை இயக்கவல்லோராதல் வேண்டும். அலுமாரித் திறப்பைப் போலவே அதுவும் பொறுப்புக் கையளிப்பில் இடம்பெறல் வேண்டும். தவிசாளரின் புகழ்மாலை அங்கே தொங்குதல் தகாது. குறைகூறுவோரின் கருத்தை அழித்தலும் தகாது. வசைமொழி ஒன்றே நீக்கத்தக்கது. முறைப்பாட்டிற்கு ஓர் இலக்கம் வழங்கி, எடுத்த நடவடிக்கையையும் அங்கேயே தெரிவித்தல் நன்று. உதவி பெறுவோரின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எண் ஆகியவற்றை வெளியிடுதல் கூடாது. தனிப்பட்ட தரவுகளைக் காக்கும் சட்டம் 2022இல் நிறைவேறியது இதன்பொருட்டே.

இறுதியாக, கைப்பேசி இல்லாத முதியோரும் ஊரில் உளர். 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 திசம்பர் ஆழிப்பேரலையையும் கண்ட இக்கரையில், மின்சாரமும் தொடர்புகளும் அறுபடும் நாள் வரக்கூடும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆகவே இணையத்தில் இட்ட அறிவித்தலையே அச்செடுத்து நூலகத்திலும் துறையிலும் ஒட்டுதலும், கோயில் ஒலிபெருக்கியிற் சொல்வித்தலும் கைவிடத்தக்கன அல்ல. எழுவான்கரையிற் சொல்லப்பட்ட செய்தி, மாறாமலும் காலந்தாழாமலும் படுவான்கரையைச் சென்றடைதல் வேண்டும். சபையின் இணையப்பணி செவ்வனே நடைபெறுகின்றதா என்பதை அறிதற்கு அதுவே தக்க அளவுகோலாகும்.