பழையன தேடும் வீதி

திருமண வீட்டிற்கோ, புதுமனை புகும் உறவினர்க்கோ என்ன பரிசு கொடுப்பது என்ற கேள்வி நம் குடும்பங்களில் அடிக்கடி எழுகின்றது. கடிகாரம், தேநீர்க் கோப்பைத் தொகுதி, எவர்சில்வர் பாத்திரம் என வழக்கமானவற்றையே வாங்கிச் செல்கிறோம். பெற்றவர் வீட்டில் அதே கடிகாரங்கள் நான்கைந்து சேர்ந்து, பெட்டி பிரிக்கப்படாமல் பரண் ஏறிவிடுகின்றன. சற்று மாறுபட்ட பொருளை, அதுவும் ஒரு வரலாற்றைச் சுமந்து நிற்கும் பொருளைத் தர விரும்புவோர்க்கு நம் தமிழகத்திலேயே ஒரு வீதி இருக்கின்றது. அதுதான் காரைக்குடியின் முனீஸ்வரன் கோவில் தெரு.

இருக்கன்குடி, சாத்தூர், சிவகாசிப் பகுதி வாசகர்கள் மதுரை வழியாக இவ்வூரை அடையலாம். மும்பையின் சோர் பஜாரும், இலண்டனின் போர்ட்டபெல்லோ சாலையும் உலகறிந்தவை. அவற்றின் பரப்பு இத்தெருவுக்கு இல்லை. ஆனால் இங்குள்ள பொருள்களின் கதை நம்முடைய கதை.

கடல் கடந்து வந்தவை

செட்டிநாட்டு வணிகர்கள் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் தொழில் நடத்தினர். ஈட்டிய செல்வத்தில் சொந்த ஊர்களில் மாளிகை எழுப்பினர். பர்மாத் தேக்கும், பெல்ஜியம் கண்ணாடியும், இத்தாலியப் பளிங்கும் கப்பலேறி வந்தன. சுவீடன், செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் நாடுகளின் பீங்கான் பூச்சுப் பாத்திரங்கள் பெண்மக்களின் சீர்வரிசையில் அடுக்கப்பட்டன.

1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியபோது பல குடும்பங்கள் அனைத்தையும் இழந்து திரும்பின. விடுதலை பெற்ற பர்மாவில் நிலங்கள் நாட்டுடைமையாயின. வருவாய் நின்றது, மாளிகைக்கு வாரிசுகளோ பெருகினர். பராமரிக்க இயலாத வீடுகள் இடிக்கப்பட்டன. அவற்றின் கதவுகளும் தூண்களும் கண்ணாடிகளும் அடுக்குப் பாத்திரங்களும் இத்தெருவின் கடைகளை வந்தடைந்தன. ஒரு கடையில் பொருள் மலிவாகக் கிடைத்தால், அதற்குப் பின்னே ஒரு குடும்பம் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

எதை வாங்கலாம்?

பெரிய தூண்களும் கதவுகளும் நமக்கு வேண்டா. பரிசுக்கு உகந்த சிறு பொருள்கள் ஏராளம்: பித்தளை வெற்றிலைப் பெட்டி, அஞ்சறைப் பெட்டி, அடுக்குத் தூக்குச்சட்டி, அரிக்கேன் விளக்கு, மைக்கூடு, மரப் பல்லாங்குழி, பூட்டும் சாவியும், படி, உழக்கு போன்ற முகத்தலளவைகள்.

இந்த அளவைகள் கடைக்கு வந்த காரணமும் அறியத்தக்கது. 1957 ஏப்ரல் 1 அன்று 16 அணா கொண்ட ரூபாய், 100 நயா பைசா ஆயிற்று. தொடர்ந்து கிலோவும் லிட்டரும் வந்தன. படியும் உழக்கும் கடைவீதியிலிருந்து ஒதுங்கின. இன்று பிள்ளைகளுக்கு ஓர் உழக்கைப் பரிசளித்தால், நன்னியும் நன்னாவும் அரிசி அளந்த கணக்கை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு வாய்ப்புக் கிட்டும்.

ஏமாறாமல் வாங்குவது எப்படி?

புதிய பித்தளையைக் கருக்கச் செய்து பழமை என விற்பதும் உண்டு. கைபட்டுத் தேயும் பிடியும் விளிம்பும் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லா இடமும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் ஐயம் கொள்ளுங்கள். பாத்திரத்தின் அடியிலுள்ள முத்திரையும் சான்று கூறும். செக்கோஸ்லோவாகியா என்ற நாடு 1918இல் தோன்றி, 1992 முடிவில் பிரிந்தது. ஆகவே அப்பெயர் பொறித்த பாத்திரம் 1918க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. விலையை முதற் கடையிலேயே முடிக்காமல், இரண்டு மூன்று கடைகளில் விசாரித்த பின் பேசுங்கள்.

பூச்சுப் பாத்திரம் என்பது இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியை உருக்கி ஒட்டியது. பூச்சு உதிர்ந்த இடத்தில் துரு ஏறும். பழைய வண்ணப் பூச்சுகளில் ஈயம், காட்மியம் போன்ற நச்சுப் பொருள்கள் கலந்திருக்கக்கூடும். எனவே அவற்றை அழகுக்கு வையுங்கள்; உணவுக்குப் பயன்படுத்த வேண்டா. பித்தளையிலும் செம்பிலும் உள்ளே பூச்சின்றிப் புளிக்குழம்பு காய்ச்சுதல் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

வளைகுடாவிலோ மலேசியாவிலோ உள்ள உறவினர்க்குப் பரிசு அனுப்புவோர் இதனைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் 1976 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளும், 75 ஆண்டுக்கு மேற்பட்ட மதிப்புமிக்க கையெழுத்துப் பிரதியும் தொல்பொருள்கள். தனியார் அவற்றை நாட்டை விட்டு வெளியே கொண்டு செல்லுதல் குற்றம். பொருள் பழமையானதோ என்ற ஐயம் எழுந்தால், இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, அது தொல்பொருள் அன்று எனச் சான்று பெறலாம். யானைத் தந்தத்தாலான எதனையும் தொடவே வேண்டா. அதன் வணிகம் தடைசெய்யப்பட்டது.

நம் வீட்டுப் பரணில்...

வாங்கச் செல்லுமுன் நம் வீட்டையும் ஒருமுறை பார்த்தல் நலம். எவர்சில்வர் வந்த நாளில் பாட்டியார் காலத்துச் செம்பும் சட்டுவமும் எடைக்குப் போயின. எஞ்சியவற்றையேனும் காக்க வேண்டாமா? பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் சென்றவர்களில் நம்மவரும் பலர். அவர்கள் கொணர்ந்த பெட்டி, கடிதக்கட்டு, கணக்கேடு இன்னும் சில இல்லங்களில் உள்ளன.

அவற்றினும் அரியவை அரபுத்தமிழ் நூல்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் போன்ற பெரியோர்கள் வளர்த்த எழுத்துமுறை அது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அந்நூல்களை இன்று படிக்கத் தெரிந்தோர் குறைவு. படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் அவற்றைப் பழைய தாள் என்று கருதிவிடுகின்றனர். கொடுக்குமுன் படிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடமோ நூலகத்திலோ காட்டுங்கள்.

சிவகாசி வட்டாரத்தாருக்கு இன்னொன்றும் உண்டு. 1920களில் தீப்பெட்டித் தொழில் இங்கு வேரூன்றியது. அதன் சீட்டுகளை அச்சிடும் தேவையோடு அச்சுத்தொழிலும் வளர்ந்தது. அந்தப் பழைய தீப்பெட்டிச் சீட்டுகளை இன்று உலகெங்கும் சேகரிப்போர் உள்ளனர். நம் ஊரில் குப்பைக்குப் போவது, வேறோர் ஊரில் கண்ணாடிச் சட்டத்திற்குள் அமர்கின்றது.

பழம்பொருளைப் பரிசளிக்கும்போது, அது எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். அக்குறிப்பு இல்லையேல் அது வெறும் பித்தளை. அடுத்த தலைமுறையில் மீண்டும் எடைக்கே போகும்.