உங்களுக்குத் தெரியுமா? அடியிறக்கம்

காலையில் எழும்போது ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஆனால் அடிவயிறு கனக்கிறது, ஏதோ உருண்டை கீழே வந்து இடிக்கிறது. அடியிறக்கத்துக்கு இதுதான் அடையாளம். நாள் முழுக்க நின்றதில் உறுப்புகள் சரிகின்றன, படுத்தால் மேலே போகின்றன. குளச்சல் பக்கம் மீன் கடவத்தைத் தலையில் சுமக்கும் அக்காமாரும், முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டி ஆபீசில் பகலெல்லாம் குந்தியிருக்கும் பெண்களும் இதை வெறும் இடுப்பு வலி என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொள்வது உண்டு.

இறங்குவது எப்போதும் கருப்பைதான் என்று நினைக்கிறோம். அதிகம் இறங்குவது யோனியின் முன்பக்கச் சுவர். அதோடு சேர்ந்து மூத்திரப்பை. பின்பக்கம் மலக்குடலும் தள்ளலாம். கருப்பையை எடுத்துவிட்டவர்களுக்கு மிச்சமிருக்கும் யோனியின் மேல்முனையே பிறகு இறங்கலாம். ‘எடுத்துப் போட்டால் தொல்லை விட்டது’ என்று பக்கத்து வீட்டில் சொன்னால் அப்படியே நம்பாதீர்கள். தளர்ந்தது, தாங்கி நிற்கும் தசையும் நாரும்.

அந்தத் தளர்ச்சிக்குப் பிரசவம் முதல் காரணம். மாதவிலக்கு நின்றபின் ஹார்மோன் குறைவது, ஓயாத இருமல், முக்கி முக்கி மலம் கழிப்பது, பாரம் தூக்குவது, உடல் பருமன் எல்லாம் பின்னால் சேர்ந்துகொள்ளும். இது புற்றுநோய் அல்ல, யாருக்கும் தொற்றாது.

பண்டைய கிரேக்கத்தில் இதற்கு என்ன வைத்தியம் தெரியுமா? பெண்ணை ஏணி போன்ற சட்டத்தில் தலைகீழாகக் கட்டிக் குலுக்குவார்கள்! பாதி மாதுளம்பழத்தை உள்ளே வைத்து முட்டுக் கொடுக்கும் முறையும் ஹிப்பாக்ரடீஸ் காலத்து நூல்களில் வருகிறது. குலுக்கும் வேலையை 2-ஆம் நூற்றாண்டு வைத்தியர் சொரானஸ் எதிர்த்தார். நல்ல மனிதர்.

மாதுளம்பழம் போய் இன்று சிலிகோன் வளையம் வந்திருக்கிறது. பெசரி என்பது அதன் பெயர். ஆஸ்பத்திரியில் ‘ரிங்’ என்றாலே புரியும். அளவு பார்த்து மருத்துவர் பொருத்துவார், மயக்க மருந்து வேண்டாம். முதல் அளவு சரிப்படாமல் நழுவினால் வேறு அளவு பார்ப்பார்கள். கழற்றிக் கழுவி மாட்டப் பலர் வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். வளைய வடிவப் பெசரியோடு தாம்பத்தியமும் கூடும். தானே கழற்ற முடியாதவர் 6 மாதத்துக்கு ஒருமுறையாவது காட்ட வேண்டும். வைத்ததையே மறந்து வருடக்கணக்கில் விட்டால் உள்ளே புண்ணாகும், பக்கத்து உறுப்பில் ஓட்டை விழும் அளவுக்குக்கூடப் போகும். கத்திக்குப் பயப்படுகிற, அல்லது உடம்பு தாங்காத வயசாளிகளுக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் நாமாகக் கேட்டால் ஒழிய இந்தப் பேச்சே வராமல் போவதும் உண்டு என்பது என் வருத்தம்.

வளையம் தவிர அடித்தசைப் பயிற்சியும் உண்டு. கீகல் பயிற்சி என்கிற அதற்குப் பெயர் கொடுத்த அர்னால்ட் கீகல், அமெரிக்கப் பெண்நோய் மருத்துவர். 1948-இல் அதை எழுதி வெளியிட்டார். காற்றையும் மூத்திரத்தையும் அடக்குவதுபோல் அடித்தசையை உள்ளே மேலே இழுத்து, முடிந்தவரை பிடித்து, மெல்ல விடுவது. 10 விநாடிவரை பிடிக்கப் பழகலாம். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. மூச்சை அடக்காதீர்கள், மூத்திரம் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகவும் வேண்டாம். மூன்று நான்கு மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். இருமும் முன், குடத்தைத் தூக்கும் முன் ஒருமுறை இறுக்கிக்கொள்வது நல்ல பழக்கம். முழுக்க வெளியே வந்துவிட்ட கருப்பையை இது மேலே ஏற்றாது. ஆரம்ப நிலையில் பாரத்தைக் குறைக்கும்.

குழந்தை வேண்டும் என்கிற இளம்பெண்ணுக்கு இறக்கம் வந்தால்? கருப்பையை எடுக்காமல் தூக்கிக் கட்டும் அறுவைகளை மும்பை மருத்துவர்கள் வி.என். ஷிரோத்கரும் பி.என். புரந்தரேயும் உருவாக்கினார்கள். இருவர் பெயராலேயே அவை இன்றும் பாடநூல்களில் இருக்கின்றன.

அறுவையில் சரிந்த உறுப்பைத் தாங்க யோனி வழியாகச் செயற்கை வலை வைப்பது ஒருகாலத்தில் பரவலாக நடந்தது. வலை அரித்து வெளிவருவது, வலி எனப் புகார்கள் குவிய, 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இறக்கத்துக்கான அத்தகைய வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. உங்களுக்கு அறுவை என்றால் வலை உண்டா, கருப்பை இருக்குமா, மறுபடி இறங்க வாய்ப்பு எவ்வளவு, எத்தனை வாரம் பாரம் தூக்கக் கூடாது என்ற நான்கையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வைத்தியம் இருந்தாலும் காட்ட வருகிறவர்கள் குறைவு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் 2 கிராமங்களின் 650 பெண்களை மருத்துவத் தம்பதி ராணி பங்கும் அபய் பங்கும் பரிசோதித்தார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பெண்நோய். அதற்கு முன் பரிசோதனை செய்துகொண்டிருந்தவர் 8 சதவீதம்தான். லான்செட் மருத்துவ இதழில் இது வந்த ஆண்டு 1989. நேபாளத்திலோ விஷயம் கோர்ட்டுக்கே போனது: அடியிறக்கத்தைப் பெண்ணின் உரிமைப் பிரச்சினையாகவே ஏற்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் குமரி மாவட்டத்தில் நெய்யூர் மிஷன் மருத்துவப் பணி டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சேயுடன் தொடங்கியது 1838-இல். ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. இத்தனை இருந்தும், பேத்தியின் பிரசவத்துக்குத் துணை வந்த ஆச்சி ‘டாக்டரம்மா, எனக்கும் ஒண்ணு காட்டணும்’ என்று வாய் திறக்க இருபது வருடம் ஆகிவிடுகிறது.

ரத்தக் கசிவு, குறிப்பாக மாதவிலக்கு நின்றபின். மூத்திரம் போகாமல் அடைத்துக்கொள்வது. வெளியே வந்தது புண்ணாகி நாறுவது, உள்ளே தள்ள முடியாமல் வீங்குவது. இவற்றுக்கு நாள் பார்க்காமல் உடனே போங்கள். மற்றபடி, அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்குப் பிரஷர் மாத்திரை வாங்கப் போகும்போது ‘அடி இறங்கியிருக்கு, ரிங் சரிப்படுமா?’ என்று கேளுங்கள்.